அடுத்த மேஜைக்கு எப்போது போவது?

சின்னப் பந்தயத்தில் ஜெயித்தவரைப் பெரிய பந்தயம் கூப்பிடும்போது போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

2025 ஆகஸ்ட் மாதத்தின் கடைசிப் பத்து நாட்களில் திருப்பூரைத் தொட்ட இரண்டு செய்திகள் வந்தன. 27-ம் தேதி, இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா விதித்த 50 சதவீத வரி அமலுக்கு வந்தது. பனியன் கம்பெனி முதலாளி முதல் பீஸ் ரேட் டெய்லர் வரை ஊரே அதைத்தான் பேசியது. அதற்கு ஐந்து நாள் முன்பு, 22-ம் தேதி, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். ரம்மி, போக்கர், ஃபேன்டஸி கிரிக்கெட் நடத்திய பெரிய நிறுவனங்கள் சில நாட்களிலேயே பணம் கட்டும் ஆட்டங்களை நிறுத்திக்கொண்டன. இந்தச் செய்தியை டீக்கடையில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. ஆடியவர்களில் பலர் வீட்டுக்குத் தெரியாமல் ஆடியவர்கள்.

இரண்டுக்கும் சம்பந்தம் இல்லாததுபோலத் தெரியும். ஆனால், இரண்டுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது. ‘சின்ன அளவில் நன்றாகப் போகிறதே, பெரிய அளவுக்கு எப்போது மாறுவது?’ பத்து மெஷின் வைத்திருப்பவர் முப்பது மெஷின் போட நினைக்கும்போது கேட்பதும் இதுதான். ஒரு ரூபாய் - இரண்டு ரூபாய் மேஜையில் ஜெயித்தவர் பத்து ரூபாய் - இருபது ரூபாய் மேஜையைப் பார்க்கும்போது கேட்பதும் இதுதான்.

மெஷின் போடுவதற்கான கணக்கு திருப்பூருக்கு அத்துப்படி. போக்கர் மேஜை மாறுவதற்கும் ஒரு கணக்கு உண்டு. முழுநேர ஆட்டக்காரர்கள் அதைப் பைசா சுத்தமாகப் போடுவார்கள். செல்போனில் ஆடியவர்களில் பலர் அந்தக் கணக்கைப் பார்த்ததே இல்லை. ஆட்டம் கற்றுக்கொடுப்பதற்காக இல்லை, அந்தக் கணக்கு சொல்லும் விடைக்காகவே அதை இங்கே விரித்து வைக்கிறோம்.

டீ காசு வருமானம்

போக்கரில் இரண்டு வகை. டோர்னமென்ட் என்றால் நுழைவுக் கட்டணம் கட்டி, கடைசிவரை தாக்குப்பிடிப்பவருக்குப் பரிசு. கேஷ் கேம் அப்படியில்லை. திரையில் உங்கள் முன்னால் இருக்கும் வில்லை ஒவ்வொன்றும் நிஜப் பணம். எப்போது வேண்டுமானாலும் உட்காரலாம், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம். மேஜையின் அளவைச் சொல்வது அதன் கட்டாயப் பந்தயம். ‘ஒன்று - இரண்டு’ மேஜை என்றால், சீட்டைப் பார்க்கும் முன்பே ஒருவர் 1 ரூபாயும் அடுத்தவர் 2 ரூபாயும் நடுவில் வைக்க வேண்டும். அந்தப் பெரிய தொகைக்குப் பிக் பிளைண்ட் என்று பெயர். வழக்கமாக அதைப்போல 100 மடங்கு பணத்தோடு உட்காருவார்கள். 2 ரூபாய் மேஜைக்கு 200 ரூபாய், 20 ரூபாய் மேஜைக்கு 2,000 ரூபாய்.

நடத்தும் நிறுவனத்தின் வருமானம், ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் சேரும் பணத்திலிருந்து எடுக்கும் சிறு பங்கு. ரேக் என்பார்கள். யார் ஜெயித்தாலும் அது போய்விடும். ஆக, மேஜையைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்தால், அந்த ஆறு பேரின் மொத்தப் பணம் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் குறைந்துகொண்டே வரும்.

ரேக் போக, 100 ஆட்டத்துக்கு 5 பிக் பிளைண்ட் லாபம் நிற்கிறது என்றால் அவர் நன்றாக ஆடுபவர். இப்போது ரூபாயில் பாருங்கள். 2 ரூபாய் மேஜையில் 100 ஆட்டத்துக்கு 10 ரூபாய். செல்போனில் ஒரு மேஜையில் மணிக்குச் சுமார் 70 ஆட்டம் ஓடும் என்று வைத்தால், ஒரு மணி நேரத்துக்கு 7 ரூபாய். ஒன்றரை ஷிப்ட் முடித்து வந்து, இரவு இரண்டு மணி நேரம் கண் எரிய ஆடினால் 14 ரூபாய். ஒரு டீ காசு.

மேலே போகும் ஆசை இங்கேதான் பிறக்கிறது. ‘நான் ஜெயிக்கிறேன், ஆனால் தொகைதான் சின்னது. மேஜையை மாற்றினால் எல்லாம் பத்து மடங்காகும்.’ லாபம் பத்து மடங்காகுமா என்பது நிச்சயம் இல்லை. பெரிய மேஜையில் உட்கார்ந்திருப்பவர்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். நஷ்டம் பத்து மடங்காகும் என்பது மட்டும் நிச்சயம்.

ஜெயிப்பவர்தான் என்று யார் சொன்னது?

மேலே போகும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘நான் உண்மையிலேயே ஜெயிப்பவனா?’

‘ஒரு மாதமாக லாபத்தில்தான் இருக்கிறேன்’ என்பது பதிலாகாது. போக்கரில் அதிர்ஷ்டத்தின் ஆட்டம் அவ்வளவு பெரியது. 100 ஆட்டத்துக்கு 5 பிக் பிளைண்ட் தோற்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் 5,000 ஆட்டம் ஆடிய பிறகு கணக்கைப் பார்த்தால், மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு அவர் லாபத்தில் இருப்பதற்கே! அதாவது, தோற்கும் ஆட்டக்காரர்கள் மூன்று பேரில் ஒருவர் அந்த நேரத்தில் தன்னைக் கெட்டிக்காரர் என்று நம்பிக்கொண்டிருப்பார். மேல் மேஜைக்கு முதலில் கிளம்புவதும் அவர்தான். அதே அளவில், நன்றாக ஆடும் மூன்று பேரில் ஒருவர் நஷ்டத்தில் இருந்து, ‘நமக்கு இது வராது’ என்று மனம் விட்டிருப்பார்.

5,000 ஆட்டம் என்பது தினம் இரண்டு மணி நேரம் என்றால் ஐந்து வாரம். ‘ஒரு மாத லாபம்’ என்பதன் மதிப்பு இவ்வளவுதான்.

அப்படியானால் எத்தனை ஆட்டம் வேண்டும்? முழுநேர ஆட்டக்காரர்கள் ஒரு லட்சம் ஆட்டத்தையாவது பார்த்துவிட்டுத்தான் தங்களைப் பற்றி ஒரு முடிவுக்கு வருவார்கள். அதிலும் சந்தேகம் மிச்சம் இருக்கும். ஒரே நேரத்தில் பல மேஜைகளைத் திறந்துவைத்து ஆடுவதால் அவர்களுக்கு அது சில மாத வேலை. இரவு இரண்டு மணி நேரம் ஒரு மேஜையில் ஆடுபவருக்கு, ஒரு லட்சம் ஆட்டம் முடிய 700 இரவுகளுக்கு மேல் ஆகும். கிட்டத்தட்ட இரண்டு வருஷம், ஒரு இரவுகூட விடாமல்.

கைமுதல் எவ்வளவு?

இரண்டாவது கேள்வி, கைமுதல். பேங்க்ரோல் என்று சொல்வது இதைத்தான். வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், ஏலச்சீட்டுத் தவணை எதையும் தொடாமல், முழுக்கப் போனாலும் வீட்டில் அடுப்பு அணையாது என்ற நிலையில் ஒதுக்கி வைத்த பணம்.

ஒரு மேஜைக்கு எத்தனை மடங்கு கைமுதல் வேண்டும் என்பதற்குச் சூத்திரம் இருக்கிறது. உண்மையிலேயே ஜெயிக்கும் திறமை உள்ள, முன்பு சொன்ன அந்த நல்ல ஆட்டக்காரரையே எடுத்துக்கொள்வோம். உட்காரும் தொகையைப்போல 5 மடங்கு மட்டும் வைத்துக்கொண்டு, குறையும்போதும் கீழே இறங்காமல் ஆடினால், என்றாவது ஒருநாள் அது முழுக்கக் காலியாகும் வாய்ப்பு பாதிக்கும் மேல். 10 மடங்கு இருந்தால் சுமார் 29 சதவீதம். 20 மடங்கு இருந்தால் 8 அல்லது 9 சதவீதம். 40 மடங்கு இருந்தால்தான் 1 சதவீதத்துக்குக் கீழே போகிறது.

கவனியுங்கள், இது ஜெயிப்பவரின் கணக்கு. தோற்பவருக்கு எந்தக் கைமுதலும் போதாது. காலியாவது எப்போது என்பது மட்டும்தான் மாறும்.

இந்தச் சூத்திரத்துக்குள் இன்னொரு நிபந்தனையும் ஒளிந்திருக்கிறது. ஜெயித்த பணத்தை வெளியே எடுக்கக் கூடாது. வாராவாரம் லாபத்தை எடுத்து வீட்டுக்குச் செலவு செய்தால் கைமுதல் வளராது, நஷ்டம் மட்டும் அதில் விழுந்துகொண்டே இருக்கும். அப்படி ஆடினால் திறமைசாலிக்கும் கடைசியில் கணக்கு பூஜ்யம்தான். ‘குடும்பச் செலவுக்காக ஆடுகிறேன்’ என்பவருக்கு இந்த ஆட்டத்தில் இடமே இல்லை என்று கணிதமே சொல்கிறது.

இப்போது இரண்டு கேள்விகளையும் சேர்த்துப் பாருங்கள். 10 - 20 மேஜைக்கு 40 மடங்கு என்றால் 80,000 ரூபாய். அங்கேயும் அவர் அதே திறமையோடு ஜெயிக்கிறார் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், கிடைப்பது மணிக்கு 70 ரூபாய். உங்கள் ஷிப்ட் கூலியை எட்டால் வகுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 80,000 ரூபாயைச் சும்மா போட்டுவைத்து, இரண்டு வருஷம் இரவுத் தூக்கத்தை விட்டு, கடைசியில் வருவது இதுதான். அதிலும் வரி இன்னும் கழியவில்லை. 2023 ஏப்ரலிலிருந்து நிகர வெற்றித்தொகையில் 30 சதவீத வரிப் பிடித்தம் இருந்தது. அதே ஆண்டு அக்டோபரிலிருந்து, கட்டும் பணத்துக்கே 28 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. வரியோடு சேர்த்து 1,000 ரூபாய் கட்டினால், அதில் சுமார் 219 ரூபாய் வரி.

இறங்கத் தெரிந்தவர்

மேலே போவதில் உலகம் அறிந்த ஓர் உதாரணம், கிறிஸ் ஃபெர்குசன். 2000-ம் ஆண்டு உலக போக்கர் தொடரின் முதன்மைப் பட்டத்தை வென்ற அமெரிக்கர். சில ஆண்டுகள் கழித்து, ஒரு சவாலை எடுத்துக்கொண்டார். கையில் ஒரு காசும் போடாமல், இலவசப் போட்டிகளில் தொடங்கி 10,000 டாலர் சேர்ப்பது. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில் அதைச் செய்தும் காட்டினார்.

அவர் வைத்துக்கொண்ட விதிகள் சாதாரணமானவை. கேஷ் கேமில் மொத்தக் கைமுதலில் 5 சதவீதத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு உட்காரக் கூடாது. ஆடும்போது மேஜையில் இருக்கும் பணம் மொத்தத்தில் 10 சதவீதத்தைத் தாண்டினால், ஜெயித்துக்கொண்டிருந்தாலும் எழுந்துவிட வேண்டும். இந்த விதிகளின் சிறப்பு, அவை தாமாகவே கீழே இறக்கிவிடும் என்பதுதான். கைமுதல் குறைந்தால் 5 சதவீதமும் குறையும், சின்ன மேஜைக்குத் திரும்பியே ஆக வேண்டும். கௌரவம் பார்க்க இடமில்லை. சின்ன மேஜையில் உலக சாம்பியன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து யாராவது சிரித்தாலும் விதி விதிதான்.

அந்தக் கதையின் பின்பகுதியும் தெரிந்திருக்க வேண்டும். அவர் அந்தச் சவாலை ஆடிய ஃபுல் டில்ட் இணையதளத்தை 2011 ஏப்ரலில் அமெரிக்க அரசு முடக்கியது. ஆட்டக்காரர்கள் கணக்கில் வைத்திருந்த பணத்தைத் திருப்பிக் கொடுக்க நிறுவனத்திடம் பணம் இல்லை என்பது அப்போதுதான் வெளியே வந்தது. அதன் இயக்குநர்களில் ஃபெர்குசனும் ஒருவர். அமெரிக்க ஆட்டக்காரர்களுக்குப் பணம் திரும்ப வரத் தொடங்கியது 2014-ல். மேஜையில் எவ்வளவு ஒழுங்காக ஆடினாலும், பணம் யார் பெட்டியில் இருக்கிறது என்பது தனிக் கேள்வி. தடைக்குப் பிறகு, வெளிநாட்டில் இருந்து இயங்கும் முகவரி தெரியாத ஆப்களில் ஆடுபவர்கள் நினைவில் வைக்க வேண்டிய பாடம் இது.

பவர் டேபிள் கணக்கு

இதெல்லாம் திருப்பூருக்குப் புதிய பாடம் இல்லை. இங்கே ஜாப் ஒர்க் எடுத்துத் தைக்கும் பவர் டேபிள்காரர் ஒவ்வொருவரும் இதே கணக்கை வேறு பெயரில் போடுகிறார்.

தீபாவளி சீசனில் இரவு பகலாக மெஷின் ஓடும். ‘இன்னும் பத்து மெஷின் இருந்தால் இன்னும் எடுத்துத் தைக்கலாமே’ என்று தோன்றும். அனுபவசாலி அந்த வாரமே மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்க மாட்டார். சீசன் முடிந்த பிறகும் வேலை வருகிறதா, ஒரே கம்பெனியை நம்பி இருக்கிறோமா, கம்பெனிக்காரர் பில்லை இரண்டு மாதம் இழுத்தடித்தால் சனிக்கிழமை சம்பளத்துக்குக் கையில் பணம் இருக்கிறதா என்று பார்ப்பார். ஒரு சீசனை வைத்து முடிவெடுக்காததும், சம்பளத்துக்கு ஒதுக்கி வைப்பதும், வேலை குறைந்தால் மெஷினை நிறுத்தத் தயங்காததும் போக்கர்காரரின் விதிகளுக்கு நேர் சமம்.

அந்தக் கணக்கை ஊருக்குக் கற்றுக்கொடுத்தது அடிமேல் அடிதான். 2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. 2020-ல் ஊரடங்கு. 2022 மே மாதம், நூல் விலை உயர்வுக்கு எதிராக இரண்டு நாள் கடையடைப்பு. 2025-ல் அமெரிக்க வரி. இவற்றில் எதையும் முன்கூட்டியே சொல்ல ஆளில்லை. அமெரிக்க ஆர்டரை மட்டும் நம்பி, கடன் வாங்கி விரிவாக்கியவருக்கு அடி பலமாக விழுந்தது. உள்நாட்டுச் சந்தையையும் ஐரோப்பாவையும் விடாமல் வைத்திருந்தவருக்கு மூச்சுவிட இடம் இருந்தது.

ஒரு வித்தியாசம் மட்டும் பெரியது. பவர் டேபிளில் இருந்து பனியன் வெளியே வருகிறது. அதை ஒருவர் வாங்கிப் போட்டுக்கொள்கிறார். துணி கொடுத்தவர், தைத்தவர், விற்றவர் எல்லோருமே சம்பாதிக்க முடியும். போக்கர் மேஜையில் எதுவும் தயாராவதில்லை. ஒருவர் எடுத்தது இன்னொருவர் விட்டது.

திறமையா, அதிர்ஷ்டமா?

தமிழ்நாட்டில் இந்த ஆட்டத்தின் வழக்கு வரலாறு நீளமானது. 2020 நவம்பரில் அவசரச் சட்டம், பிறகு சட்டம். 2021 ஆகஸ்ட் 3-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022-ல் ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் குழு, அதன் அறிக்கை, மீண்டும் அவசரச் சட்டம். சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் மறுபடி நிறைவேற்றி, ஏப்ரலில் அது சட்டமானது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றாலும், ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று சொல்லி, அவற்றுக்கான தடையை நீக்கியது. 2025-ல் மாநில அரசு கொண்டுவந்த விதிகள் ஆதார் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கின. நள்ளிரவு 12 முதல் காலை 5 மணிவரை ஆடத் தடை விதித்தன. ஜூன் மாதம் உயர் நீதிமன்றம் அந்த விதிகளை ஏற்றது. ஆகஸ்ட்டில் மத்தியச் சட்டம் வந்தது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. அதை எதிர்த்து உயர் நீதிமன்றங்களில் போடப்பட்ட வழக்குகளை உச்ச நீதிமன்றம் தன்னிடம் எடுத்துக்கொண்டது.

இத்தனை ஆண்டும் வாதம் ஒன்றைச் சுற்றியே நடந்தது. இது திறமையா, அதிர்ஷ்டமா? இரண்டும்தான் என்பதே மேலே போட்ட கணக்கின் விடை. ஒரு லட்சம் ஆட்டத்தில் திறமை தெரியும். இன்றிரவு ஆடும் 140 ஆட்டத்தில் அதிர்ஷ்டம்தான் தெரியும். சம்பளக்காரரின் பணம் காலியாவது அந்த 140-க்குள்.

சின்ன மேஜையே இல்லாத இடம்

ஆப் போய்விட்டதால் கேள்வி போய்விடவில்லை. பங்குச் சந்தையின் எஃப் அண்ட் ஓ வியாபாரத்திலும், ‘லாட் எண்ணிக்கையை எப்போது கூட்டுவது’ என்று இதே கேள்வி செல்போனில் வந்து நிற்கிறது. அது சட்டப்படி நடப்பது, கட்டுப்பாடு உள்ளது. ஆனால், செபியே வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள். ஒருவருக்குச் சராசரியாக 2 லட்சம் ரூபாய். மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். 2024-25-ல் மட்டும் நஷ்டம் 1.05 லட்சம் கோடி, நஷ்டப்பட்டவர்கள் 91 சதவீதம். 2023-24-ல் இறங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்குக் கீழ் என்று காட்டியவர்கள். நஷ்டப்பட்டவர்களிலும் முக்கால்வாசிப் பேருக்கு மேல் தொடர்ந்து வியாபாரம் செய்தார்கள்.

2024 நவம்பரில் குறியீட்டு ஒப்பந்தங்களின் குறைந்தபட்ச மதிப்பை செபி 15 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. சிறு முதலீட்டாளரை விலக்கி வைக்கத்தான் அந்த ஏற்பாடு. போக்கர் பாஷையில் சொன்னால், சின்ன மேஜையையே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் உள்ளே இருப்பவர், விரும்பியோ விரும்பாமலோ பெரிய மேஜையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

வீட்டில் கேட்க வேண்டியவை

கணவரோ, மகனோ, தம்பியோ ‘நன்றாகப் போகிறது, கொஞ்சம் பெரிசாகப் போடலாம்’ என்று சொன்னால் சண்டை வேண்டாம். சண்டை போட்டால் அடுத்த முறை சொல்லாமல் செய்வார்கள். நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

கட்டியது எவ்வளவு, எடுத்தது எவ்வளவு? ஜெயித்த நாள் மனதில் நிற்கும், தோற்ற நாள் மறந்துபோகும். பேங்க் ஸ்டேட்மென்ட் இரண்டையும் வைத்திருக்கும். ஒரு வருஷத்துக்கு எடுத்து, இருவரும் சேர்ந்து உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள்.

இந்தப் பணம் போனால் எது நிற்கும்? ‘எதுவும் நிற்காது’ என்றால் அது கைமுதல். வாடகையோ, கட்டணமோ நிற்கும் என்றால் அது வீட்டுப் பணம். வட்டிக்கு வாங்கியது என்றால் அது வேறொருவர் பணம்.

எந்த எண்ணில் இறங்குவாய்? மேலே போகும் திட்டம் எல்லோரிடமும் இருக்கும். எவ்வளவு குறைந்தால் கீழே வருவது, எவ்வளவு குறைந்தால் நிறுத்துவது என்பது முன்கூட்டியே எழுதி இருக்கிறதா?

இன்று ஏன்? பெரிய வெற்றிக்கு மறுநாளும், பெரிய தோல்விக்கு மறுநாளும் எடுக்கும் முடிவு கணக்கில் பிறந்தது இல்லை.

விட்டதைப் பிடிக்கக் கடன் வாங்குவது, தூக்கம் கெடுவது, போனை மறைப்பது, காரணமில்லாத கோபம் இவை தெரிந்தால், அது கணக்கைத் தாண்டிய நிலை. உதவி கேட்பதில் வெட்கம் இல்லை. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் எண் 14416, தமிழக சுகாதாரத் துறையின் எண் 104. ஏதாவது ஆப் பணத்தை ஏமாற்றிப் பறித்திருந்தால், உடனே 1930-ஐ அழைக்க வேண்டும்.

அடுத்த மேஜைக்கு எப்போது போவது என்ற கேள்விக்கு விடை இருக்கிறது. இரண்டு வருஷக் கணக்குப் புத்தகமும், போனாலும் பரவாயில்லை என்று ஒதுக்கிய 80,000 ரூபாயும் சேரும்போது. அப்படிச் சும்மா கிடக்கும் 80,000 ரூபாய் ஒருவரிடம் இருந்தால், அதை வைத்து வேறென்ன செய்யலாம் என்று திருப்பூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.